நைனாவும் வெயிட் என்ற சொல்லும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். நான் தெருமுனைக்குப் போய் நின்றிருந்தேன். போனில் கூப்பிட்டவன் வண்டிச் சத்தத்தைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டான். “ஏம்மா ரோட்ல நிக்கிற? லொக்கேஷன் அனுப்பினேன்ல, அதப் பாரு. இன்னும் ஒலக்கூர்கிட்டதான் இருக்கேன். வெயிட் பண்ணாத, உள்ள போ” என்றான். போனில் அதைத் திறந்து பார்த்தேன். ஒரு நீலப் புள்ளி ரோட்டின் மேல் எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதுதான் என் மகனாம். வீட்டுக்குள் போய் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் யாரோ என் கையிலிருந்த வேலையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

சும்மா இருக்கத் தெரியாதவள் நான். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் இங்கிலீஷ் நடத்தி ஓய்ந்தவளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு இருக்கப்போகிறது? அலமாரியிலிருந்து பெரிய அகராதியை இறக்கி, ‘வெயிட்’ என்ற வினைச்சொல்லைத் தேடினேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு அதைப் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வாத்தியார் பிழைப்பின் லட்சணம் அப்படி.

அந்தச் சொல் பிறந்தபோது அதற்குச் சும்மா நிற்பது என்று பொருளே இல்லையாம். காவல் இருப்பது, தூங்காமல் கண்ணை விழித்துப் பார்த்திருப்பது, அதுதான் பொருள். ஜெர்மன்காரர்களின் பழைய பேச்சிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வாட்ச் என்பதும் வேக் என்பதும் அதற்குப் பங்காளி முறை. ஒரு காலத்தில் அந்த ஊரில் கோட்டைக் காவல்காரர்களுக்கே ‘வெயிட்’ என்றுதான் பெயராம். ஹோட்டலில் நம் இலைக்குப் பக்கத்தில் நின்று, என்ன தீர்ந்துபோச்சு என்று கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவருக்கு வெயிட்டர் என்று பெயர் வந்ததும் அந்த வழியில்தான். போகப்போகக் காவல் கழன்று விழுந்து, வருகிற வரைக்கும் நிற்பது என்பது மட்டும் மிஞ்சிவிட்டது.

நம்முடைய ‘காத்திரு’ என்பது மட்டும் என்ன? கா என்றால் காப்பாற்று, காவல் செய். காத்துக்கொண்டு இரு என்பதுதானே காத்திரு? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் நமக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது. யாராவது வர வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறவன், அந்த ஆளை எங்கிருந்தோ காவல் காக்கிறான் என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறார்கள். எனக்கு உடனே எங்கள் நைனா ஞாபகம்தான் வந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில், கன்னியப்பன் டீக்கடைக்கு முன்னால், சிமென்ட் பெஞ்சில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிற நைனா.

எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு போகிற ரோட்டில் இருக்கிறது. நைனாவுக்குக் கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை, கிணற்றில் தண்ணீர் இருந்தால் நெல். நான் படிப்பை முடித்துத் திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தினமும் செஞ்சியிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். சாயங்காலம் பஸ் வந்து நிற்கும்போது நைனா அந்த பெஞ்சில் இருப்பார். பக்கத்தில் சைக்கிள். “வந்துட்டியா பாப்பா” என்பார். உடனே கிளம்பமாட்டார். “இரு, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்.” டீ வரும். குடித்து முடிப்போம். “இன்னொண்ணு சாப்டுறியா?” என்பார். கொதித்துக் கொதித்துக் கறுத்த டிகாஷன் வாசனையும், பக்கத்துத் தள்ளுவண்டியில் வேகும் மல்லாட்டை வாசனையும் கலந்து ஒரு மணம் வரும். இன்றைக்கும் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலாவது அது மூக்கில் ஏறினால், யாரோ என்னைப் பாப்பா என்று கூப்பிட்ட மாதிரி இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்தவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். எங்க நைனா தினமும் எனக்காக வந்து காத்திருப்பார், என்னைத் தனியாக விடமாட்டார் என்று. சில பேருக்குப் பொறாமைகூட இருந்தது. எனக்கு அது போதாதா?

பள்ளிக்கூடத்துக்கு முழுப் பரீட்சை லீவு விட்டார்கள். நான் வீட்டில் இருக்கிறேன். சாயங்காலம் ஆனதும் நைனா முகம் கழுவிச் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். “எங்க நைனா?” என்றேன். “கடைத்தெரு வரைக்கும்” என்றார். அடுத்த நாளும் கடைத்தெரு. அதற்கடுத்த நாளும் கடைத்தெரு. அம்மாவைப் பார்த்தேன். அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், “போவட்டும் வுடு” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பஸ் கிழக்கிலிருந்து வரும். நைனா உட்கார்ந்திருப்பது மேற்கைப் பார்த்து. என் பஸ் வந்து நின்று, நான் இறங்கிப் பக்கத்தில் போய் நிற்கிற வரைக்கும் அவர் திரும்பியதே கிடையாது. அந்தப் பக்கம் கோட்டை மலை இருக்கிறது, பொழுது சாய்கிற நேரம், பாவம் மனுஷன் மலையை ரசிக்கிறார் என்று நானாக எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் கவிதை நடத்துகிறவளின் புத்தி அப்படித்தானே போகும்? செஞ்சியில் பிறந்தவன் எவனாவது மலையைப் பார்க்க பஸ் ஸ்டாண்டுக்கு வருவானா! அவர் பார்த்தது திருவண்ணாமலை ரோட்டை. பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற பஸ் அந்த வழியாகத்தான் வரும். என் அண்ணன் சேகர் பெங்களூரில் இருந்தான். நான் வெறும் சாக்கு. அந்த இரண்டாவது டீ பெங்களூர் பஸ் வருகிற வரைக்கும் நேரத்தை ஓட்டுவதற்கு.

அண்ணன் வீட்டைவிட்டுப் போன கதையைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு சின்ன விஷயம். அவன் செஞ்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்தான். கூட வேலை செய்த செல்வியைக் கட்டிக்கொண்டான். செல்வி வேறு சாதி, எங்கள் ஊர்க் காலனிப் பெண். அவ்வளவுதான். நைனா கெட்டவர் கிடையாது. ஆனால் ஊரே வாசலில் வந்து நின்றபோது அவருக்கு ஊர்தான் பெரிதாகப் போயிற்று. “இனிமே இந்தப் படி ஏறாத” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அண்ணன் செல்வியைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டான். அங்கே ஒரு ஹோட்டலில் வெயிட்டர் வேலை கிடைத்ததாக யாரோ வந்து சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படி ஏறாதே என்று சொன்னவர் தானே போய் வா என்று கூப்பிடமாட்டார். சொல்லப்பட்டவன் தானே வந்து நிற்கவும்மாட்டான். நடுவில் தாய்மாமன் வர வேண்டும். அவர் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துவந்து, “மச்சான், புள்ள வந்துருக்கான் பாரு” என்று வாசலில் நிறுத்த வேண்டும். அப்புறம் அழுகை, அப்புறம் சோறு. எத்தனையோ வீட்டுச் சண்டை இப்படித்தான் எங்கள் ஊரில் தீர்ந்திருக்கிறது. ஆனால் எங்களுக்கு வாய்த்த கதையைப் பாருங்கள். வல்லத்திலிருந்த எங்கள் மாமா, தன் மகளை அண்ணனுக்கென்றே வளர்த்தவர். அன்றைக்கு வாசலில் முதல் ஆளாகத் துண்டை உதறியவரே அவர்தான். கதவைத் திறக்கிற கையே கதவைச் சாத்திக்கொண்டு நின்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

நான் ஒரு தரம் அம்மாவிடம் கேட்டேன். நானே பெங்களூர் போய் அண்ணனைக் கூட்டி வரட்டுமா என்று. “பொட்டப்புள்ள கூப்ட்டா ஆம்பள படி ஏறுவானாடி? அவன் வந்தாக்கூட உங்க நைனா இன்னா மூஞ்சிய வச்சிக்கினு பேசுவாரு?” என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

ஆக நைனா போனார். மழை பெய்தால் குடையோடு போனார். மல்லாட்டை பிடுங்குகிற நாளில், ஆட்களை அனுப்பிவிட்டுக் கையில் மண்ணோடு போனார். எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும் லீவு முடிந்து மறுபடி வேலைக்குப் போனபோது ஒன்றும் தெரியாதவள் மாதிரியே இறங்கி, “எனக்கு இன்னொரு டீ வேணும் நைனா” என்று நானாகவே கேட்க ஆரம்பித்தேன். எனக்கு டீயே பிடிக்காது. பெங்களூர் பஸ் வரும். கதவு திறக்கும். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் நைனா பார்ப்பார். கடைசி ஆள் இறங்கிக் கதவு சாத்தியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “போலாமா” என்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். ஏறி மிதிக்கத் தோன்றாது அவருக்கு.

கையில் போன் வராத காலம் அது. இப்போது யோசித்தால், ஒரு போன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றும். ஒன்றும் ஆகியிருக்காது. முதலில் யார் பேசுவது என்பதிலேயே மணி அடித்து ஓய்ந்திருக்கும்.

நைனா ஒரு மதிய நேரம், வரப்பில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் செஞ்சிக்குப் போய், பெங்களூரில் தெரிந்த கடைக்கு போன் போட்டுச் சேதி சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம், பங்காளிப் பிள்ளை யாராவது கொள்ளி வைக்கட்டும் என்றார்கள். மாமாவும் தலையாட்டினார். அது வரைக்கும் ஆண்கள் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியறியாத அம்மா எழுந்து நின்றாள். “எம்புள்ள வர்ற வரைக்கும் எவனும் கைய வைக்கக் கூடாது” என்றாள். யாரும் கையை வைக்கவில்லை. விடிய விடிய நைனாவின் தலைமாட்டு விளக்கு அணையாமல் அம்மாவே எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அண்ணன் வந்தான். பெங்களூர் பஸ்ஸில் வந்து செஞ்சியில் இறங்கியிருக்கிறான். அன்றைக்கு அந்த பெஞ்சில் அவனைப் பார்க்க யாரும் இல்லை. செல்வியும் மகளும் அவனோடு வந்திருந்தார்கள். வாசல் வரைக்கும் வந்தவன் படிக்குக் கீழேயே நின்றுவிட்டான். ஒரு காலைத் தூக்குகிறான், வைக்கிறான். மாமாதான் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார். அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். “மச்சான்…” என்றார். கேட்கிற ஆள் இல்லாமல் அந்த வழக்கத்தை எங்கள் வீட்டில்தான் முதலும் கடைசியுமாகச் செய்தார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு, சாமான் வாங்க அண்ணனும் நானும் செஞ்சிக்குப் போனோம். கன்னியப்பன் கடையில் போய் நின்றோம். கன்னியப்பன் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். “நீதான பெரியவன்?” என்றார். அண்ணன் தலையசைத்தான். அப்புறம் அவனாகவே பேச ஆரம்பித்தான். எங்கள் இரண்டு பேரிடமா, அந்த பெஞ்சிடமா என்று தெரியாத மாதிரி ஒரு பேச்சு.

“நான் ஒரு வாட்டி வந்தேன். அமாவாச அன்னிக்கி, ஞாயித்துக்கெழம. கொழந்தைக்கு மேல்மலையனூர்ல மொட்ட போட்டுட்டு இங்க எறங்கனோம். செல்விய அந்தாண்ட ஒக்கார வச்சிட்டு வந்து பாத்தா, நைனா இங்கதான் நிக்கிறாரு. கூட்டமான கூட்டம். அதோ, அந்தப் பூக்கட பின்னால நின்னேன். கொழந்த தோள்ல. திரும்பிப் பாத்தாருன்னா கால்ல வுழுந்துடலாம்னு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். அவரு திரும்பவே இல்ல. என் மொகத்துல முழிக்கப் புடிக்கலன்னு போயிட்டேன்.”

கன்னியப்பன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். “உன்னப் பாத்துட்டாருப்பா” என்றார்.

கடைக்குள்ளே போண்டாத் தட்டுக்கு மேலே சாமி படங்களோடு ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். டீ வாங்க எழுந்து வந்த நைனா அதில் அண்ணனைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த டீ கொட்டியிருக்கிறது. “கன்னியப்பா, வந்து நிக்கிறான்டா” என்றாராம். “திரும்பிப் பாரேன்” என்றிருக்கிறார் கன்னியப்பன். “திரும்புனா ஓடிடுவானோன்னு பயமா இருக்குதுடா. அவனா வரட்டும்.” அப்படியே கண்ணாடியைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். “தோள்ல புள்ள இருக்குது. ஆணா பொண்ணா, பாத்துச் சொல்லு.” மொட்டைத் தலை, சந்தனம் பூசியிருக்கிறது, அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை என்றிருக்கிறார் இவர். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணாடியில் ஆள் இல்லை.

“நான் ஓடிப்போயி இட்டாந்திருக்கலாம். நடுவுல நான் யாருன்னு வுட்டுட்டேன்” என்றார் கன்னியப்பன்.

அண்ணன் கேட்டான்: “அப்புறம் இன்னா சொன்னாரு?”

“இப்டியே குந்தினாரு. ‘எளச்சிட்டான்டா’ன்னாரு. அப்பால, ‘சாப்டானோ இன்னாவோ’ன்னாரு.”

ஹோட்டலில் ஊருக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டிருந்த என் அண்ணன், நட்டநடு பஸ் ஸ்டாண்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். பஸ்கள் வந்தன, போயின. நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. கோபம்தான் வந்தது. நைனா மேலா, அண்ணன் மேலா, மாமா மேலா, ஊர் மேலா என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கூப்பிடத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

அதற்கப்புறம் எல்லாம் எவ்வளவு சுலபமாகக் கரைந்துவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மாமா மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகி ஓசூரில் இருக்கிறாள். பெங்களூர் போகும்போதெல்லாம் செல்வி வீட்டில்தான் தங்குகிறாள். அன்றைக்கு வாசலில் வந்து நின்ற ஊர், செல்வியை இன்றைக்குச் சேகர் பொண்டாட்டி என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறது. அம்மா தன் கடைசிக் காலத்தில் செல்வி கையால்தான் கஞ்சி குடித்தாள். இப்படி ஒன்றுமே இல்லாமல் போகப்போகிற ஒரு சங்கதிக்காகவா அந்த மனுஷன் அத்தனை சாயங்காலங்களை அங்கே போய்க் கழித்தார் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கன்னியப்பன் கடை இப்போது இல்லை. அந்தப் பழைய பெஞ்சும் இல்லை. மாமா போய்விட்டார். தாய்மாமனை நடுவில் வைத்துப் பிள்ளையைக் கூட்டிவரும் வழக்கமும் எங்கள் பக்கத்தில் தேய்ந்துவிட்டது. இப்போது கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போனில் ஆளை பிளாக் செய்கிறார்கள், அப்புறம் அவர்களே எடுத்துவிடுகிறார்கள். நல்லதுதான்.

அண்ணனும் நினைத்தபோதெல்லாம் ஊருக்கு வருகிறான். வராதே என்று சொல்ல ஆள் இல்லை, வா என்று சொல்லவும் ஆள் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து சாவியை எடுத்துத் தானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறான்.